மீட்டர் பாக்ஸ் தேன்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. தொம்மலூர் ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் லவினா மதியச் சாப்பாட்டின்போது சொன்னது. அவள் கோபமாகத்தான் சொன்னாள். கோபத்தை மட்டும் கழித்துவிட்டு எழுதுகிறேன்.

லிங்கராஜபுரத்தில் அவர்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய மீட்டர் பாக்ஸ். அதற்குள் தேனீக்கள் கூடு கட்டிவிட்டன.

லவினாவின் அப்பா ஓஸ்வால்டுக்குப் பயமே இல்லை. கூட்டைத் திறப்பதற்கு முன்பே தேனைப் பங்கு போட்டுவிட்டார்.

"ஃபாதருக்கு ஒரு பாட்டில், சர்ச் கொயர் மாஸ்டருக்கு ஒண்ணு, உன் தம்பிக்கு ஒண்ணு..."

"கொட்டினா யாருக்கு எத்தனைன்னும் இப்பவே சொல்லிடுங்க," என்றாள் அம்மா மௌரீன்.

"பச்சைமுத்துன்னு ஒருத்தன் இருக்கான். பந்தம் கொளுத்திக் காட்டுவான். பத்து நிமிஷத்துல எல்லாம் செத்து விழும். பாதித் தேன் நமக்கு, பாதி அவனுக்கு."

லவினாவுக்கு அது பிடிக்கவில்லை. யார் யாரிடமோ கேட்டு கிளெமென்ட் என்பவனின் நம்பரைப் பிடித்தாள். பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரெல்லாம் சுற்றி, வேண்டாத இடத்தில் கட்டிய தேனீக்களைப் பிடித்துப் பெட்டியில் வளர்ப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. காசு வாங்குவதில்லை.

வந்தான். பாக்ஸின் கதவை மெதுவாகத் திறந்தான். ஓஸ்வால்டு வலையடித்த ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"என் வீட்டுச் சுவத்துல கட்டின கூடு. தேன் பூரா எனக்கு வந்துடணும் மேன்."

"மழைக்காலம் அங்கிள். வெளியில பூ கிடையாது. இதுதான் அதுங்களுக்குச் சாப்பாடு."

"அப்போ கதவைச் சாத்திட்டுக் கிளம்பு. நான் பச்சைமுத்துவைக் கூப்பிட்டுக்கறேன்."

கிளெமென்டின் கை நின்றது.

"அடை பூரா குஞ்சு இருக்கு அங்கிள். நெருப்பு வெச்சா ஒண்ணும் மிஞ்சாது."

"குஞ்சு உன் பாடு. தேன் என் பாடு."

அவன் அடைகளை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். பிறகு, "சரி அங்கிள். இங்கேயே பிழிஞ்சா அந்த வாசனைக்கு மொத்தக் கூட்டமும் கலைஞ்சு வீட்டுக்குள்ள வந்துடும். நான் கொண்டுபோய் வடிகட்டி அடுத்த ஞாயிறு கொண்டுவர்றேன்," என்றான்.

அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து மரச்சட்டங்களில் நூலால் கட்டினான். ராணித் தேனீயைத் தேடிப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டான். மற்றவை அதன் பின்னாலேயே வரிசையாக உள்ளே போயின. வெளியே போயிருந்தவையும் திரும்பி வரட்டும் என்று இருட்டும் வரை பெட்டியை அங்கேயே வைத்திருந்தான். பிறகு வாசலை அடைத்து, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

"ஒரு அடைகூட விடாம எடுத்துட்டுப் போறானே, திரும்பி வருவானா?" என்றாள் மௌரீன்.

வந்தான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்த நேரம், சர்ச் வாசலில் நின்றிருந்தான். கையில் இரண்டு பாட்டில்.

"ரெண்டா?" என்றார் ஓஸ்வால்டு. "ஏழு அடை மேன்! ஜன்னல்ல நின்னு எண்ணியிருக்கேன்."

"தேன் கம்மி அங்கிள்."

"கம்மியா, கம்மியாக்கிட்டியா?"

கிளெமென்ட் தலையைக் குனிந்துகொண்டான். பூசை முடிந்து வந்தவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். ஓஸ்வால்டு ஒரு பாட்டிலைத் திறந்து, விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"தேன் அசல்தான். ஆள்தான் போலி," என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"வர்றேன் அங்கிள்," என்று சொல்லிவிட்டு அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவனுக்குப் பெயர் தேன் திருடன்.

"ஏன் அவனைக் கூப்பிட்டேன்னு டாடி இன்னும் திட்டறார்," என்றாள் லவினா. "கேட்டிருந்தா நாங்களே ரெண்டு மூணு பாட்டில் குடுத்திருப்போம். படிச்சவன், வேலையில இருக்கிறவன், திருடணுமா சொல்லு?"

அப்போது எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு, முகம் தெரியாத ஒருவரைத் திருடன் என்று எழுதக் கை வரவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து பொம்மசந்திராவுக்குப் போய், அவர் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன்.

கிளெமென்ட் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். மொட்டை மாடியில் நாலைந்து மரப்பெட்டிகள் ரோட்டிலிருந்தே தெரிந்தன. கீழே மளிகைக் கடை. சந்திரம்மா என்பவர் உட்கார்ந்திருந்தார்.

"மேல் வீட்டுக்காரர்கிட்ட தேன் கிடைக்குங்களா?"

அவர் சிரித்துவிட்டார்.

"அவர்கிட்டயா? நல்லாக் கேட்டீங்க! மழை முடியற வரைக்கும் அந்தப் பெட்டிங்கள்ல இருந்து ஒரு சொட்டு எடுக்க மாட்டார்மா. கேட்டா, நம்ம வீட்டு அரிசியை யாராவது தூக்கிட்டுப் போனா சும்மா இருப்பீங்களா அக்கான்னு சொல்வார்."

"யாருக்குமே குடுக்கறதில்லையா?"

"யாராவது விடாப்பிடியா நின்னா, என் கடையில வாங்கிட்டுப் போய்க் குடுப்பார். போன மாசம்கூட, லிங்கராஜபுரத்துல குடுக்கணும்னு ரெண்டு பாட்டில் வாங்கினார். லேபிளை ஊறவெச்சு எடுக்க வெந்நீர் போட்டுக் குடுத்ததே நான்தான்."