மாப்பிள்ளை நிற்கிற படம்

முயல் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தது ஒரு முள்ளம்பன்றி. கல்யாணத்தன்று எல்லோரும் சேர்ந்து நின்று படம் எடுத்தபோது, அதன் முள் ஒன்று மாமியார் முயலின் இடுப்பில் குத்திவிட்டது. மாமியார் வாயைப் பிளந்து துள்ளியதுதான் படத்தில் விழுந்தது. பார்த்த சொந்தமெல்லாம் சிரித்தது. மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு எந்த விசேஷம் வந்தாலும், "நீங்கள்லாம் நில்லுங்க, நான் எடுக்கிறேன்" என்று முந்திக்கொண்டு கேமராவை வாங்கிக்கொள்ளும். படங்களெல்லாம் நன்றாகத்தான் வந்தன. எதிலும் அது இல்லை.

மச்சினி மகளுக்குக் காதுகுத்து. அன்றைக்கும் முள்ளம்பன்றி கேமராவோடு எதிரே போய் நின்றது.

"அதைப் பக்கத்து வீட்டுக் குரங்குகிட்ட குடுத்துட்டு இப்படி வாங்க மாப்பிள்ளை" என்றது மாமியார்.

"வேண்டாம் அத்தை. பக்கத்துல நிக்கிறவங்களுக்குத்தான் கஷ்டம்."

மாமியார் உள்ளே போனது. திரும்பி வந்தபோது, பட்டுச்சேலைக்கு மேல் ஒரு கோரைப்பாயைச் சுற்றிக் கயிறும் கட்டியிருந்தது. நேரே வந்து மாப்பிள்ளையை ஒட்டி நின்றுகொண்டது.

"இப்ப எடுக்கச் சொல்லுங்க."

முள்ளம்பன்றி கேமராவைக் குரங்கிடம் கொடுத்தது. மூச்சைப் பிடித்து முட்களை அடக்கிக்கொண்டு நின்றது. பாய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காதுகளைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் முள்ளெல்லாம் சிலிர்த்துப் பாயில் ஏறிக்கொண்டது.

குரங்கு படம் எடுத்து முடித்தும் இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

"ஒவ்வொண்ணா உருவிடறேன் அத்தை" என்று மாப்பிள்ளை பதறியது.

"மெதுவா உருவலாம். பசிக்குது, முதல்ல பந்திக்குப் போவோம்" என்றது மாமியார்.

இரண்டும் ஒட்டியபடியே நடந்துபோய்ப் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தன.