ஸ்டியரிங் ஆட்டம்

“ரோட்டுல நேரா போக மாட்டேங்குது மக்கா. இது ஓடலைன்னா எனக்கு வேற பொழைப்பு ஏது?” என்றார் ஜீப் டிரைவர் தெய்வநாயகம். ரப்பர் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகிற பழைய ஜீப் அது.

ஸ்டியரிங்கோடு சக்கரத்தை இணைக்கிற பால் ஜாயிண்ட் எல்லாம் மாற்றியாயிற்று. மெக்கானிக் முருகதாஸ் முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் படுத்தான்.

“அண்ணாச்சி, ஸ்டியரிங்கை ஆட்டுங்க.”

சக்கரங்கள் உடனே திரும்பின. துளி லூஸ் இல்லை.

“போதும். இனி ஆட்டாம பிடிங்க.”

சக்கரங்கள் அசைந்துகொண்டே இருந்தன.

“ஆட்டாதீங்கன்னு சொன்னேம்லா!”

“நான் எங்க ஆட்டுகேன்? இறுக்கிப் பிடிச்சிட்டுல்லா இருக்கேன்.”

முருகதாஸ் அடியிலிருந்து வெளியே வந்து எட்டிப் பார்த்தான். அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

“கோளாறு எங்கன்னு கண்டுபிடிச்சியா மக்கா?”

முருகதாஸ் திரும்ப அடியில் படுத்து, ஏற்கெனவே இறுகியிருந்த நட்டை மறுபடியும் முறுக்கத் தொடங்கினான்.