பவளம் கடித்த மகாராணி

"அவ வர்றதுக்குள்ள நீ வெளிய போயிடணும். கால்ல விழுந்து கேக்கறேன். வெளிய வா."

லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டுக் கூடத்தில் முக்காலி மேல் ஏறி நின்று, தோள்வரை நனைந்த கையோடு கெஞ்சிக்கொண்டிருந்தான். பாறை இடுக்கிலிருந்து ஒரு கண் அவனை எட்டிப் பார்த்தது. பிறகு செந்நிற வால் ஒன்று வெடுக்கென்று திரும்பி உள்ளே போய்விட்டது.

மகாராணி என்பது அந்த ஏஞ்சல் மீனுக்கு அவன் மனைவி வைத்த பெயர். உள்ளங்கை அகலம்கூட இல்லை. தணல் போலச் சிவப்பு, நடுவில் கறுப்புக் கோடுகள். கடல்நீரில் உயிருள்ள பவளம் வளர்க்கிற தொட்டியில் ஏஞ்சலை விடுவது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது மாதிரி என்று மீன்கடைக்காரர் எச்சரித்திருந்தார். பசிக்க விட்டால்தானே திருடும் என்று சொல்லி அவள் வாங்கி வந்துவிட்டாள்.

அவள் சொன்னதுதான் பலித்தது. சாயப்பட்டறையில் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அவளுக்கு. வேலைக்குக் கிளம்பும் முன்பும், மதியம் சாப்பிட வந்தபோதும், மாலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இரை போட்டாள். பவளங்கள் குடை குடையாய் விரிந்து அசைய, மகாராணி ஒன்றையும் தீண்டாமல் நடுவே வலம் வந்தது. துணியில் இருப்பதெல்லாம் செத்த நிறம், இதுதான் உயிருள்ள நிறம் என்று சொல்லிக்கொண்டு அவள் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு ஒரு கண் சிறுவயதிலிருந்தே மங்கல். இருந்த ஒரு நல்ல கண்ணிலும் விழித்திரை பிய்ந்துகொண்டது.

அக்கா இருக்கும் ஊரில் அறுவை சிகிச்சை. முடிந்த பிறகும் கட்டோடு குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும் என்றார்கள். அவனும் கூட வருவதாகச் சொன்னபோது அவள்தான் தடுத்தாள்.

"என்னை அக்கா பாத்துப்பா. நீங்க தொட்டியைப் பாத்துக்கங்க. கண்ணு தெறந்ததும் நான் மொதல்ல அதைத்தான் பாக்கணும்."

ஆனால் பாதி மாடியில் நின்றுபோகிற லிஃப்டுக்கு மீனின் சாப்பாட்டு நேரம் தெரியாது. அவன் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வந்தான். இரை ஒரு வேளையாகச் சுருங்கியது. மகாராணி பசி தாங்காமல் ஒரு பவளத்தைக் கொத்தியது. பதறிப்போய் அவன் இரையை அள்ளிப் போட்டபோது, அதற்கு ருசி தெரிந்துவிட்டிருந்தது. விரிந்து நின்ற பவளங்கள் ஒவ்வொன்றாய் முகத்தை மூடிக்கொண்டன.

மீனைப் பிடித்துக் கொடுத்தால் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். பிடி கொடுத்தால்தானே. வலையைக் கண்டதும் பாறைக்குள் புகுந்தது. இரை வைத்துப் பொறியாக இறக்கிய புட்டிப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. மறுநாள் அவளுக்குக் கட்டுப் பிரிக்கப்போகிறார்கள். வேறு வழி தெரியாமல், அவன் பாறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கத் தொடங்கினான்.

மூன்றாவதைத் தூக்கியதும் மொத்த அடுக்கும் சரிந்தது. அடிமணலில் புதைந்து கிடந்த கறுப்புக் கசடெல்லாம் கிளம்பி, தண்ணீர் சாக்கடையாய் நாறியது. மாற்ற உப்புத்தண்ணீர் போதாமல் மீன்கடைக்கு ஓடினான், வாளி வாளியாய்ச் சுமந்தான். விடிந்தபோது பவளங்கள் கூழாய் உரிந்து தொங்கின. மகாராணி ஒருக்களித்து மிதந்தது.

கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "வாங்கி அடுக்கிவைக்க இது பாத்திரம் பண்டமா? வளர வருஷக்கணக்காகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் அவளிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன புதிதில், இருந்த கொஞ்சப் பார்வைக்கே, வீடியோவில் தொட்டியைக் காட்டச் சொல்லி நச்சரித்தவள் அவள். இப்போது சும்மா விடுவாளா?

விட்டுவிட்டாள். கட்டுப் பிரித்தாயிற்று, நன்றாகத் தெரிகிறது, டாக்டருக்கே ஆச்சரியம் என்று மளமளவென்று பேசினாள். வீடியோ என்ற பேச்சே வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட அவனுக்கு வாய் வரவில்லை. எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டான். அடுத்து வந்த நாட்களிலும் அவள் கேட்கவில்லை. தெய்வம் காப்பாற்றியது என்று அவனும் இருந்துவிட்டான்.

அவள் வருகிற அன்று பாறைகளைத் தேய்த்துக் கழுவி வைத்தான். பம்ப்பை மட்டும் நிறுத்த மனம் வரவில்லை. தெளிந்த தண்ணீர், வெள்ளைப் பாறைகள்; அதைத் தவிரத் தொட்டியில் ஒன்றுமே இல்லை.

டாக்ஸியிலிருந்து இறங்கியவளை அக்கா முழங்கையைப் பிடித்து அழைத்துவந்தாள். பயணக் களைப்பு என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். மனைவி மெலிந்திருந்தாள். அவன் கையைத் தடவி, இளைத்துவிட்டீர்களே என்றாள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒன்னு சொல்லணும்மா" என்றான் அவன்.

"அப்புறம் சொல்லுங்க. மொதல்ல என் தொட்டி."

அக்காவின் பிடியை விலக்கிவிட்டு, பம்ப் சத்தம் வந்த பக்கம் மெல்ல நடந்தாள். குனிந்து, இரண்டு கைகளையும் கண்ணாடியில் வைத்தாள். அவன் பின்னாலேயே நின்றான். அழுவாள், அடிப்பாள், என்ன செய்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் விரல்கள் கண்ணாடியைத் தடவும் சத்தம் கேட்டது. பிறகு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள்.

"மகாராணி இன்னும் நல்லாச் செவந்துட்டாளேங்க."