கால்சட்டையில் ஓர் ஓட்டை

அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் காலஞ்சென்ற தளபதி ஒருவருடைய கோட்டும் கால்சட்டையும் தொங்கின. கோட்டின் நெஞ்சில் பதினெட்டுப் பதக்கங்கள். அந்த மிதப்பில் அது கால்சட்டையோடு முகம்கொடுத்துப் பேசுவதே இல்லை.

ஒருநாள் தூசி தட்ட வந்த அதிகாரி, கால்சட்டையின் பின்பக்கத்தில் ஓர் ஓட்டையைப் பார்த்தார். உடனே, "போரில் எதிரியின் குண்டு துளைத்த இடம்" என்று அட்டை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

"குண்டாவது ஒண்ணாவது. முப்பது வருஷம் நாற்காலியில உக்காந்து உக்காந்து தேஞ்ச ஓட்டை அண்ணே இது," என்றது கால்சட்டை.

"வாயை மூடு. எனக்குக் கீழே தொங்கின புண்ணியத்துல உனக்கும் ஒரு வீரம் வந்து சேர்ந்திருக்கு. கெடுத்துக்காதே," என்று அதட்டியது கோட்டு.

மறுநாள் ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவர் மனைவியோடு வந்தார். அட்டையைப் படித்தார். பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய் ஓட்டையையும் பார்த்தார்.

"குண்டு பின்னாலதானே பட்டிருக்கு," என்றார் மனைவியிடம். "அப்போ ஐயா எந்தப் பக்கம் ஓடிக்கிட்டிருந்தாரு?"

பதினெட்டுப் பதக்கங்களும் கிடுகிடுவென்று ஆடின. கோட்டு முதல்முறையாகக் குனிந்து பார்த்தது.

"தம்பி, அந்த நாற்காலி விஷயத்தை இவங்க காதுல எப்படியாவது போட முடியுமா?"