ரிப்பன் வெட்டும் நேரம்

பாய்மரப் படகு கிளப் ஊரெல்லாம் நன்கொடை திரட்டி வாங்கிய உயிர்காப்புப் படகு, சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு கல்யாணப் பெண்ணாய்க் கரையில் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்து, தூரத்தில் ஒரு பாய்மரப் படகு கவிழ்ந்தது. தண்ணீருக்கு மேல் ஒரு கை மட்டும் ஆடியது.

"என்னங்க, யாரோ முழுகுறாங்க! படகை இறக்கச் சொல்லுங்க!" என்று பதறினாள் செயலாளரின் மனைவி.

"சும்மா இருடி. சீஃப் கெஸ்ட் ரிப்பன் வெட்டாம எப்படி இறக்குறது? அதுவரைக்கும் அந்த ஆள் நீந்திக்கிட்டிருக்கட்டும்."

பிஸ்கட்டைக் கடித்தபடி வேடிக்கை பார்த்தது கூட்டம். அவள் விறுவிறுவென்று படகருகே போனாள். தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, ரிப்பனை வெட்டியே விட்டாள்.

"இறக்குங்கப்பா!"

"என் மானத்தை வாங்கிட்டியேடி!"

கரைக்குக் கொண்டுவரப்பட்டுத் தண்ணீர் கக்கியவர், சொந்தப் படகிலேயே வந்து இறங்கி அசத்த நினைத்த சீஃப் கெஸ்ட்.

செயலாளர் பூச்செண்டோடு ஓடினார்.

"ஐயா! உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரமும் காத்துக்கிட்டிருந்தோம்!"