சிலந்திக்காரரின் படம்

எதிரே இருக்கும் அம்மாளின் கணவர் கீழே காரில்தான் உட்கார்ந்திருப்பார் என்று கத்தரிக்கோலுக்குத் தோன்றியது. நூலகத்தின் மாடி ஜன்னல் வழியே இரண்டு முறை எட்டிப் பார்த்தார். தன் படத்தைத் தானே இணையத்தில் போட வெட்கப்பட்டு மனைவியை அனுப்பிவைக்கும் பேர்வழிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

கத்தரிக்கோல் என்பது மற்றவர்கள் வைத்த பெயர். வார நாட்களில் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். மிச்ச நேரத்தில், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் உரிமை இல்லாத படங்களை வெட்டி எறிவார். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். சனிக்கிழமை காலையில் இங்கே மேசை போட்டு, எழுத வருகிறவர்களின் சந்தேகங்களைத் தீர்த்துவைப்பார்.

அந்த அம்மாளின் கணவர் சிலந்திகளை ஆராய்பவர். இரண்டு தடிப் புத்தகங்கள் எழுதியவர், பதினோரு புதுச் சிலந்திகளைக் கண்டுபிடித்தவர். அவரே படம் எடுத்து, யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டதால் பதினோரு சிலந்திகளுக்கும் கலைக்களஞ்சியத்தில் அழகழகான படங்கள் உண்டு. அவருடைய பக்கத்தில்தான் முகம் இல்லை.

அந்த அம்மாள் இதற்கு முன் நூலகக் கணினியில் உட்கார்ந்து ஐந்து முறை படம் ஏற்றியிருந்தார். ஐந்து முறையும் கத்தரிக்கோல் நீக்கியிருந்தார். முதல் படம் செய்தித்தாளில் வந்தது, உரிமை செய்தித்தாளுக்கு. மற்ற நான்கும் புத்தக வெளியீட்டில் எடுத்த ஒரே படம்தான், வேறு வேறு பெயரில். அதன் உரிமை ஸ்டுடியோக்காரருக்கு. அவர் சரி என்று ஒரு கடிதம் எழுதினால் போதும். ஆனால் ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை. ஸ்டுடியோக்காரர் எங்கே போனார் என்பது செருப்புக் கடைக்காரருக்கும் தெரியவில்லை.

"காசு குடுத்து வாங்கின படம் சார்" என்று அந்த அம்மாள் பையிலிருந்து பிரிண்ட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

பிரிண்ட்தான் உங்களுடையது, படம் அதை எடுத்தவருடையது என்று கத்தரிக்கோல் விளக்கினார். இதை அவர் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஆயிரம் பேரும் அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"முகம் எங்க வீட்டுக்காரரோடதுதானே சார்?"

கத்தரிக்கோல் வேறு வழி தேடினார். நீங்களே எடுத்த படம் ஒன்றுகூடவா இல்லை என்று கேட்டுப் பார்த்தார். வீட்டில் கேமரா எப்போதும் கணவர் கையில்தான் இருக்குமாம். எடுத்ததெல்லாம் சிலந்திதானாம். அம்மாளிடம் இருப்பது கேமரா இல்லாத பழைய பட்டன் போன்.

அந்த அம்மாளுக்கு முன்னால் வந்தவர் தன்னுடைய டியூஷன் சென்டரைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுத வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இது அறிவிப்புப் பலகை இல்லை, சொந்தக் காரியத்துக்காக எதையும் போட விடமாட்டோம் என்று கத்தரிக்கோல் அவரைக் கொஞ்சம் சத்தமாகவே அனுப்பிவைத்தார். பின்னால் காத்திருந்த அம்மாளுக்கும் அது கேட்டிருக்கும். வந்து உட்கார்ந்ததிலிருந்து அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதும் மென்று விழுங்குவதுமாகவே இருந்தார்.

கத்தரிக்கோலுக்குப் பாவமாகிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. ஐயா தவறிட்டாருன்னா சொல்லுங்க. அதுக்கு விதியில ஒரு வழி இருக்கு. அடுத்தவங்க படமா இருந்தாலும், சின்னதாக்கி ஒண்ணே ஒண்ணு வச்சுக்கலாம்."

"அவர் இருக்கார் சார்."

அவர் பேசி முடிப்பதற்குள் பதில் வந்தது. சின்னதாக்கவும் வேண்டாம், தாடையில் இருக்கிற தழும்பு நன்றாகத் தெரிய வேண்டும் என்றார். அந்தப் பக்கத்தை மாதத்துக்கு எத்தனை பேர் பார்ப்பார்கள், வெளிநாட்டில் இருப்பவர்களும் பார்ப்பார்களா என்றும் கேட்டார். தழும்பு வரைக்கும் உலகமே பார்க்க வேண்டுமாம், எவ்வளவு பெருமை பாருங்கள் என்று கத்தரிக்கோல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

ஆனால் உயிரோடு இருப்பவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. உயிரோடு இருப்பவரை யார் வேண்டுமானாலும் புதிதாகப் படம் எடுக்கலாம், அப்புறம் அடுத்தவர் படம் எதற்கு என்கிறது விதி. படிக்கும்போது அது நியாயமாகத்தான் இருக்கிறது.

"என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. விதியை நான் எழுதல" என்றார். எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம்தான்.

அந்த அம்மாள் பிரிண்ட்டைத் திரும்ப எடுத்து, முந்தானையால் ஒரு தடவை துடைத்துப் பைக்குள் வைத்தார். எழுந்திருக்கவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கியதை அவர் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

கத்தரிக்கோலால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து, அதன் லென்ஸைக் கண்ணாடி துடைக்கும் துணியால் பளிச்சென்று துடைத்தார்.

"இதுக்குப் போய் அழுவாங்களாம்மா? அவரைக் கூட்டிட்டு வாங்க. நானே ஒரு போட்டோ எடுத்து, இப்பவே ஏத்திடறேன். ரெண்டு நிமிஷ வேலை."

அந்த அம்மாள் போனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"நாலு வருஷமா அவரைக் காணோம் சார், கண்டுபிடிக்கத்தான் இந்தப் படம்."