பனைமரத்தில் குத்திய வாள்

பன்னிரண்டு நாட்களாக அமுதத்தின் வீட்டில் சோற்றுக்கு முன்னால் வாள்சண்டைதான் பரிமாறப்பட்டது. காரைக்கால் சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டருக்குக் கையாளாக இருந்த அவள் புருஷன் வைத்திலிங்கம், அகப்பையைப் பிடுங்கிச் சுழற்றுவான்.

"ரெண்டு பேரும் ஒரே ராசாவோட சிப்பாயிங்க. ஒருத்தன் குதிரை மேலேருந்து பாயறான். இன்னொருத்தன் வாள் பறந்துபோயி பனைமரத்துல குத்தி நிக்குது!"

"அகப்பையைக் குடுங்க, குழம்பு அடிப்பிடிக்குது. கால் வலிக்குது, எண்ணெய் தேய்னு அப்புறம் வராதீங்க."

"நாலு மணி நேரம் நின்னுக்கிட்டே ரீல் மாத்தினா வலிக்காதா?"

"என்னையும் ஒரு நாள் கூட்டிக்கிட்டுப் போங்களேன்."

"அதான் முழுசாச் சொல்லிட்டேனே!"

கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. பதின்மூன்றாம் நாள், பனைமரத்தைக் காட்டுவதாகச் சொல்லித் தெருப் பெண்கள் ஆறு பேரைக் கொட்டகைக்கு அவளே அழைத்துப் போனாள். மறுநாள் காலை புருஷன் முன்னால் கும்பாவை நங்கென்று வைத்தாள்.

"குதிரையும் இல்ல, பனைமரமும் இல்ல. ரெண்டு வீச்சு வீசினாங்க, ராசா வந்து விலக்கிவிட்டுட்டாரு. கூட வந்த பட்டம்மா அக்கா தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாங்க. என்னால வெளியில தலைகாட்ட முடியல. நீங்க எந்தப் படத்தைத்தான் பாத்தீங்க?"

வைத்திலிங்கம் கெண்டைக்காலைத் தடவினான்.

"ஒரே ரீல் பெட்டியை வச்சு இங்கேயும் கோட்டுச்சேரிக் கொட்டகையிலயும் மாத்தி மாத்தி ஓட்டுறாங்க. அதைக் கட்டிக்கிட்டு நடுவுல சைக்கிள் மிதிக்கிறது நான்தான். அந்த ரோட்டுலதான் பனைமரம் இருக்கு, அமுதம். சண்டை ஓடுற நேரமெல்லாம் நான் அங்கதான் இருப்பேன், அதைப் பாத்ததே இல்ல."